ஆவணி மூலமும் வந்தியின் உதிர்ந்த புட்டும்

அன்புடைய ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆவணி மூலம் நெருங்குகிறது. வெளிநாடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வந்திக் கிழவியின் கதையைச் சொல்பவர்கள், அந்தக் கதைக்குரிய புட்டையும் அன்றே அவித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

வைகை பெருக்கெடுத்துக் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் ஆணையிட்டான். புட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கு அனுப்புவதற்கு ஆளும் இல்லை, கூலிக்குக் காசும் இல்லை. கூலியாளாக வந்து நின்ற சொக்கநாதராகிய சிவபெருமானிடம், உதிர்ந்த புட்டைக் கூலியாகத் தருகிறேன் என்று அவள் பேசி முடித்தாள். உதிராத புட்டை விற்றால்தான் மறுநாள் அவள் வீட்டில் அடுப்பெரியும் என்பதால், அவளால் கொடுக்க முடிந்தது உதிர்ந்தது மட்டுமே. கதையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றும் இடம் இதுதான். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதை விரைந்து கடந்துவிடாதீர்கள். அன்று அவித்த புட்டு முழுவதுமே உதிர்ந்துபோயிற்று என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பாண்டியன் அந்தக் கூலியாளைப் பிரம்பால் அடித்த கதை எல்லோரும் அறிந்ததே. திருவிளையாடற் புராணம் இதனை 61ஆம் திருவிளையாடலாகப் பாடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மாணிக்கவாசகர் "மண்சுமந்து கூலிகொண்டு" என்று திருவாசகத்தின் திருவம்மானையில் பாடியிருக்கிறார். திருவாதவூரிலிருந்து அவரும், திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் இன்றும் ஆவணி மூலப் புட்டுத் திருவிழாவுக்கு மதுரை வந்து சேர்கிறார்கள். ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் மீனாட்சியோடு எழுந்தருளும் சுந்தரேசுவரருக்குத் தங்கக் கூடையும் மண்வெட்டியும் உண்டு.

ஆகவே குழாய்ப் புட்டு வேண்டாம். உதிரிப் புட்டே இந்நாளுக்கு உரியது. ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசியை ஈரம் முழுதும் போகுமுன் இடித்துச் சலித்து, விரலால் கோலம் இழுக்க வருமளவு வறுக்க வேண்டும். மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரைத் தெளித்துப் பிசிறினால், மாவு பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். இட்லிக் கொப்பரையில் துணி விரித்து அவித்தபின், வெல்லத்தை முற்றிய பாகாகக் காய்ச்சி ஊற்றிக் கிளற வேண்டும். அப்போது மாவு இளகிக் குழைந்தாற்போல் தெரியும். அஞ்சி மேலும் மாவு சேர்க்காமல் மூடி வைத்தால், ஓரிரு மணி நேரத்தில் தானே உதிரும். பிறகு ஏலப்பொடியும் நெய்யில் வறுத்த முந்திரியும் சேர்க்கலாம். தேங்காய்ப்பூவை மட்டும் பரிமாறும்போதே தூவுங்கள். முன்பே கலந்தால் புட்டு மறுநாளைக்குத் தாங்காது.