தொழில் தொடங்கும் முன்பே சறுக்கிய இடம் எது? – அனுபவப் பகிர்வு

வெள்ளகோவில் செக்கு

நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டாலும் அந்தக் காலைப் பொழுது மனத்தை விட்டு அகலாததால் எழுதுகிறேன். 2022இல் மரச்செக்கு எண்ணெய்த் தொழிலுக்காக, வங்கிக் கடனோடு அரசு மானியமும் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பித்திருந்தேன். இத்தகைய விண்ணப்பங்களைக் கவனிக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கு நடந்தவர்கள்தான் இங்கே பெரும்பாலும் இருக்கிறீர்கள் என்பதால் விரித்துச் சொல்லவில்லை. ஊரகத்தில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 35 விழுக்காடு மானியம். என் திட்ட மதிப்பு 8 லட்சம். ஆக, 2,80,000 ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

விண்ணப்பம் வங்கியில் கிடந்த மாதங்களில் புதுக் கடலை வரத்துத் தொடங்கிவிட்டது. இந்தப் பருவத்தை விட்டால் அடுத்த ஆண்டுதான் என்ற பதற்றத்தில் சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கி, வாகை மர உரல் வைத்த ஒரு செக்கை இறக்கி ஓட்டத் தொடங்கிவிட்டேன். கள ஆய்வுக்கு அலுவலர் வந்த அன்று செக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, உரலோரம் கிடந்த புண்ணாக்குத் துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். அது இன்னும் சூடாக இருந்தது. “எத்தனை நாளாக ஓட்டுகிறீர்கள்?” என்று கேட்டார். தொழிலில் என் முனைப்பைப் பார்த்து மகிழ்வார் என்று நம்பி, “இரண்டு மாதமாக ஓடுகிறது, ஐயா” என்று பெருமையோடு சொன்னேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “தம்பி, இது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான திட்டம். ஏற்கெனவே நடக்கிற தொழிலுக்கு இதில் இடம் கிடையாது” என்றார். விதிமுறையில் அது தெளிவாகவே இருக்கிறது. கணினி மையத்தில் வேறொருவரை வைத்து விண்ணப்பம் நிரப்பிய நான் அதைப் படிக்கவில்லை.

மசாலாப் பொடி, திண்டுக்கல்

எங்களுடையது கூட்டுத் தொழில். பள்ளித் தோழனும் நானும் மசாலாப் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுவது என்று முடிவு செய்தோம். அரவை இயந்திரத்துக்கும் மிளகாய், மல்லிக் கொள்முதலுக்கும் நான் 6 லட்சம் போட்டேன், அவன் ஒன்றரை லட்சம் போட்டான். ‘நமக்குள் எதற்குப் பத்திரம்’ என்று சொன்னது நான்தான், அவன் அல்ல. சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் யார் எவ்வளவு போட்டோம் என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தோம்.

முதல் ஆண்டு முடிவில் லாபத்தைப் பிரிக்கும்போதுதான் பேச்சு முற்றியது. போட்ட முதலின் விகிதத்தில் பிரிக்க வேண்டும் என்றேன் நான். காலை ஐந்து மணி முதல் இயந்திரத்தருகே நிற்பவன் தான் என்பதால் சரிபாதி வேண்டும் என்றான் அவன். வழக்கறிஞரிடம் போனோம். அவர் அந்தத் தாளை விளக்கொளியில் பிடித்து இரண்டு முறை படித்தார். முன்பக்கத்து ராகுகாலமும் எமகண்டமும் பின்னால் மங்கலாகத் தெரிந்தன. “இதில் முதலை எழுதியிருக்கிறீர்கள், லாபத்தை எழுதவில்லையே” என்று மட்டும் சொன்னார். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபமும் நட்டமும் சமபங்குதான். வழக்குப் போடலாமா என்று கேட்டேன். பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தின் பங்காளி, ஒப்பந்த உரிமைக்காக மற்றப் பங்காளிமேல் வழக்குத் தொடுக்க 69ஆவது பிரிவு இடம் தராது என்றார். கணக்கை முடித்துப் பிரிந்துவிட்டோம். பணம் போனதைக் காட்டிலும், அந்தத் தாளை அவன் மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தானே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சத்துமாவு, மதுரை

மேலே எழுதியிருக்கும் சகோதரருக்கு: உங்கள் தோழர் கேட்டதில் தவறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. விடியற்காலை உழைப்புக்கும் ஒரு விலை உண்டு. அதைத் தொடக்கத்திலேயே சம்பளமாக எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திராது.

என்னுடையது பெயர்ச் சிக்கல். மகளின் செல்லப் பெயரையே சத்துமாவுக்கு வைத்தேன். உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்து, 14 இலக்க எண்ணையும் பையில் அச்சிட்டு, எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன் என்று நம்பினேன். வண்ணத்துக்கு ஓர் அச்சு உருளை என்று நான்கு உருளைகளுக்குப் பணம் கட்டி 10,000 பைகள் அடித்தாயிற்று. விற்பனை தொடங்க ஒன்பது நாள் இருக்கையில் ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. அதே பெயர், ஓர் எழுத்து மட்டும் வேறாக, மாவு வகைகள் அடங்கும் 30ஆம் வகுப்பில் வேறொருவரால் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. எழுத்து வேறானாலும் காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தால் அது சிக்கல்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன். வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பதிவுக்கே ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான் ஆகியிருக்கும். பைகளுக்கும் உருளைகளுக்கும் நான் கொடுத்தது அதைப் போலப் பல மடங்கு. பைக் கட்டுகளைப் பரணில் ஏற்றும்போது மகள், “அம்மா, என் பேரை ஏன் மேலே வைக்கிறீங்க?” என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது.

தையற்கூடம், திருப்பூர்

சிறியதுதான், இருந்தாலும் சொல்கிறேன். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்காக இணையத்தில் தேடி முதலில் வந்த பக்கத்தில் விவரங்களை நிரப்பி 2,499 ரூபாய் கட்டினேன். அரசுச் சின்னம் போன்ற ஒன்று மேலே இருந்தது. சான்றிதழ் உண்மையாகவே வந்தது, ஏனென்றால் அவர்கள் என் ஆதாரை வைத்து அரசுத் தளத்தில் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். அரசுத் தளத்தில் அதற்கு ஒரு காசும் கட்டணம் இல்லை. என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு முதல் வாரக் கூலி கொடுக்க அந்தப் பணம்தான் குறைந்தது.

மூத்த பட்டறைக்காரர், கோவை

வெள்ளகோவில் தம்பி, மானியத்தை நினைத்து வருந்துவதை விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். மானியம் கைக்கு வருகிற பணம் அன்று. அது வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்பில் இருந்து, அதன் பிறகே கடனில் கழிக்கப்படும். அதை நம்பித் தொழிலின் நாளைத் தள்ளக் கூடாது. நீங்கள் பருவத்தைப் பிடித்ததுதான் சரி.

நான் விழுந்தது மின்சாரத்தில். வீட்டு இணைப்பிலிருந்து கொட்டகைக்குக் கம்பி இழுத்து ஒரு கடைசல் எந்திரத்தை ஓட்டிப் பார்த்தேன். ஆய்வுக்கு வந்தவர்கள் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில், அனுமதியற்ற மின்பயன்பாட்டுக்கான 126ஆவது பிரிவில் கணக்கிட்டார்கள். எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று நான் காட்ட முடியாததால், பன்னிரண்டு மாதத்துக்கு, உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதித்தார்கள். நான் ஓட்டியதோ இருபது நாள்.

ஆகவே தொடங்கப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இடம் பார்க்கப் போனால் வாடகையைக் கேட்பதற்கு முன் மின்கம்பம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, மும்முனை இணைப்பு கிடைக்குமா, இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். உரிமையாளர் இணைப்புக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடுவாரா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்யுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் போதும் என்று தரகர் சொல்வார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அந்தச் செலவைத் தவிர்க்க உண்டான வழக்கம் அது. எந்திரத்துக்குச் சிமெண்டு மேடை போட்டு இறுக்கிவிட்ட ஒருவன், பதினொரு மாதம் முடிந்ததும் காலி செய் என்றால் எங்கே போவான்? செலவானாலும் மூன்றாண்டுக்கு எழுதிப் பதிந்துகொள்ளுங்கள். நகரத்தில் வாடகைக்கு எடுப்பவர்கள், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை ஆணையத்திலும் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். எந்திரம் வாங்கியது போக, ஆறு மாத வாடகையும் கூலியும் தனியாகக் கையில் இருக்கட்டும். சரக்குப் போட்ட கடைக்காரர் உடனே பணம் தரமாட்டார், நாற்பத்தைந்து நாள் என்பார், அது தொண்ணூறாகும்.

வெள்ளகோவில் செக்கு

ஐயா, மின்சாரம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மானியத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. 2,80,000 ரூபாய் கடனில் கழிந்திருந்தால், இன்று வட்டி கட்டுகிற தொகையில் இரண்டாவது செக்கை இறக்கியிருப்பேன். பருவத்தைப் பிடிக்கவும் வழி இருந்தது. பக்கத்து ஊரில் கூலிக்கு ஆட்டித் தரும் செக்கில் என் கடலையைக் கொடுத்து ஆட்டியிருக்கலாம். எண்ணெய் கிடைத்திருக்கும், என் கொட்டகையும் காலியாகவே இருந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வந்தது, ஆய்வு முடிந்து இரண்டு நாள் கழித்து.

அந்த அலுவலர்மேல் எனக்கு வருத்தமில்லை. அன்று கிளம்பும்போது அவர் இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் விலை கொடுத்து வாங்கினார். நான் பணம் வேண்டாம் என்றேன். அவர் கேட்காமல் கல்லாப்பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார். இப்போதும் தீபாவளிக்கு முன்பு வந்து பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கிப் போகிறார். அந்தக் கோப்பைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசியதில்லை.