வேன் கூரைக்குள் கட்டெறும்பு: உங்களுக்கும் வந்ததா?

ஆயர் ஈத்தாம் வேன்காரன்:

தைப்பூசம் முடிந்த வாரம் பினாங்கில் தெலுக் பஹாங் பக்கம் வேனிலேயே படுத்திருந்தோம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். தலைக்கு மேலே முறுக்குப் பாக்கெட்டை யாரோ மெதுவாகப் பிரிக்கிற மாதிரி சத்தம். எலியோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. காலையில் மனைவி தலையணையைத் தட்டியபோது மரத்தூள் கொட்டியது. உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தூளோடு எறும்புக் கால், பாதித் தலை, ஏதோ பூச்சியின் இறக்கைத் துண்டு எல்லாம் கலந்து கிடந்தன.

முதலில் பழியைப் பஞ்சாமிர்தத்தின் மேல் போட்டேன். தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து திரும்பும்போது வண்டிக்குள் டப்பா கவிழ்ந்திருந்தது. அதைத் துடைத்துக் கழுவியாயிற்று, எறும்பு குறையவில்லை. அப்புறம் ஸ்பிரே. எட்டு வெள்ளி (ரிங்கிட்) டப்பா இரண்டு காலி. கண்ணில் பட்டதெல்லாம் செத்தது, மனசுக்கு நிம்மதி. நான்காம் நாள் அதே கூட்டம் அடுப்புப் பக்கத்து அலமாரியில் வந்து நின்றது! வெளியே இரை தேடி அலைவது கூட்டத்தில் ஒரு பங்குதான். மீதி உள்ளேயே இருக்கும், ஸ்பிரே அங்கே போய்ச் சேராது. போதாததற்கு, கேஸ் அடுப்பு இருக்கிற அடைத்த வேனுக்குள் அந்த டப்பாவை அடித்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கட்டெறும்புகள் மரத்தைத் தின்பதில்லை. குடியிருக்கக் குடைந்து, தூளை வெளியே தள்ளுகின்றன. குடைவதற்கு ஈரத்தில் நைந்த மரம் கிடைத்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். அதனால் எறும்பை விட்டுவிட்டு ஈரத்தைத் தேடினேன். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு (சிவப்பு வெளிச்சம் எறும்புக்குச் சரியாகத் தெரியாது), ஒரு மூடியில் துளி தேன் வைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் காத்திருந்தேன். தேன் குடித்துப் போனவை எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போயின. கூரை மின்விசிறியின் பின் மூலை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த மின்விசிறியை மாட்டியது நான்தான். கூரையை அறுத்து, சிலிக்கான் பூசி, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிய வேலை. போன வருஷம் செப்டம்பர், அக்டோபர் மழை முழுக்க வேன் வெளியில்தான் நின்றது. உள்கூரைப் பிளைவுட்டைக் கழற்றி, மெராந்தி மரச் சட்டத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். காப்பியில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே இறங்கியது. சட்டத்துக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல வழவழப்பான சுரங்கம், ஊறிய அரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள். முட்டை என்று நினைத்தேன், அவை கூட்டுப்புழு. ராணியைக் காணோம். அப்படியென்றால் அது கிளைக் கூடு. தாய்க்கூடு வேறெங்கோ இருக்கிறது.

பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தில் ஒரு பட்ட கிளை, தாய்க்கூடு அதில்தான். வேன் பந்தல் துணியின் கயிற்றை அந்த மரத்தில்தான் கட்டியிருந்தேன். பாலம் போட்டுக் கொடுத்ததும் நானே.

கயிற்றை அவிழ்த்தேன். அத்தையிடம் (பக்கத்து வீட்டம்மாதான்) கேட்டு, கிளையையும் வெட்டினோம். நைந்த சட்டத்தை அறுத்து எடுத்துப் புதுச்சட்டம் வைத்தேன். மின்விசிறியைக் கழற்றிப் பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டினேன், பழையதின் மேல் புதியது ஒட்டாது. இந்த முறை அடியில் பியூட்டில் டேப் (தண்ணீர் கசியாமல் அடைக்கிற ஒட்டும் ரப்பர் நாடா). உள்ளே மிச்சம் இருந்தவற்றுக்கு இரை வைத்தேன்: 200 மில்லி வெந்நீர், 20 கிராம் சீனி, 2 கிராம் போரிக் ஆசிட். பஞ்சில் நனைத்துப் பாட்டில் மூடியில். போரிக் ஆசிட் ஒரு விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடினால் கூட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே செத்துவிடும். குறைவாக இருந்தால்தான் எடுத்துப் போய் ஒன்றுக்கொன்று வாய்க்கு வாய் ஊட்டும். எல்லாம் ஓய மூன்று வாரம் ஆனது.

செந்தூல் அக்கா:

எங்கள் வேனுக்குப் பூச்சி மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிட்டோம். வந்தார், சுற்றி அடித்தார், பதினைந்து நிமிஷத்தில் போய்விட்டார். ஈரம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஜன்னல் ரப்பருக்குள் இருந்து புறப்பட்டன. கடித்தால் எரிகிறது, கொடுக்கு இருக்கிறதா தம்பி? இன்னொன்று, வீட்டில் பூனையும் மூன்று வயதுப் பிள்ளையும் உண்டு. அந்தத் தண்ணீரைத் திறந்து வைக்கலாமா?

பாலிக் புலாவ் சேகரிப்பாளர்:

நான் கறையான் என்று நினைத்து உட்பலகை முழுவதையும் பிய்த்துப் போட்ட ஆள். விளக்கடியில் இறக்கை முளைத்தவை விழுந்து கிடந்தன, பயந்துவிட்டேன். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இடுப்பு ஒடுங்கி இருந்தது, மீசை முழங்கை மாதிரி மடங்கி இருந்தது, முன் இறக்கை பின் இறக்கையைவிட நீளம். கறையானுக்கு இடுப்பே கிடையாது, மீசை நேராக இருக்கும், நான்கு இறக்கையும் ஒரே நீளம். மண்ணில் வாழும் கறையான் என்றால் சுரங்கத்திலும் மண்ணை அப்பி வைத்திருக்கும். பிய்ப்பதற்கு முன்பு பார்த்திருந்தால் ஒரு சனி ஞாயிறு மிச்சமாகியிருக்கும் லா.

அண்ணே, அந்தப் போரிக் எங்கே கிடைத்தது?

ஆயர் ஈத்தாம் வேன்காரன்:

அக்கா, கொடுக்கு இல்லை. கடித்துவிட்டு அதே இடத்தில் ஃபார்மிக் ஆசிட்டைப் பீய்ச்சும், அந்த எரிச்சல்தான். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளையும் பூனையும் இருக்கிற இடத்தில் திறந்து வைக்கவே கூடாது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சின்னத் துளை போட்டு, பஞ்சை உள்ளே வைத்து, திருகு போட்டு இறுக்கிய அலமாரிக்குப் பின்னால் வையுங்கள். சமையல் சாமான் பக்கம் வேண்டாம். கலவை இருக்கிற பாட்டில் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். என் மாமனார் அதைச் சீனித்தண்ணீர் என்று எடுத்துவிடப் பார்த்தார்.

தம்பி, கேரம் போர்டுக்குப் போட வாங்கின பவுடர் வீட்டில் கிடந்தது. ஆனால் டப்பாவைப் படித்துப் பாருங்கள், கேரம் பவுடர் எல்லாமே போரிக் இல்லை, சிலவற்றில் வெறும் மாவுதான். என்னுடையதில் போரிக் ஆசிட் என்று போட்டிருந்தது. இப்போது கேரம் ஆட ஆளும் இல்லை, பவுடரும் இல்லை.

கூரைப் பிளைவுட்டில் பழைய கறை அப்படியே இருக்கிறது. வேண்டுமென்றேதான் மாற்றவில்லை. ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். கறை கோட்டைத் தாண்டினால் மறுபடியும் கூரை ஏறுகிறேன்.