யூஎக்ஸ் (ஆப், சாஃப்ட்வேரை ஆளுங்க ஈசியா யூஸ் பண்ற மாதிரி டிசைன் பண்றது) வேலைக்கு வந்த கதை: நீங்க வாங்கின முதல் பல்பு எது?

மெக்கானிக்கல்_பையன்
நானே ஆரம்பிக்கிறேன். மெக்கானிக்கல் முடிச்சிட்டு ஒரு வருஷம் வெட்டியா சுத்தினேன், அப்புறம் ஸ்க்ரீன் டிசைன் பண்ற ஃபிக்மா சாஃப்ட்வேர் ஃப்ரீதானேன்னு யூட்யூப் பாத்து கத்துகிட்டேன். போர்ட்ஃபோலியோல (நம்ம வேலையைக் காட்டுற தொகுப்பு) மூணு ப்ராஜெக்ட், மூணுமே சாப்பாட்டு ஆப் ரீடிசைன் (சிரிக்காதீங்க, நீங்களும் அதான் போட்டிருப்பீங்க). முதல் இன்டர்வியூல ஒரு மேடம் கேட்டாங்க, "இந்த பட்டனை ஏன் கீழ கொண்டு வந்தீங்க, யாராவது அதைத் தேடி கஷ்டப்பட்டதைப் பாத்தீங்களா?" நான் "பாக்க க்ளீனா இருக்கும் மேடம்"னேன். அதுக்கப்புறம் அவங்க கேட்டதெல்லாம் சொந்த ஊர் எதுன்னுதான்.

அப்புறம் ஒரு சின்ன கம்பெனில கிடைச்சுது, மெடிக்கல் ஷாப் பில்லிங் சாஃப்ட்வேர். பழைய ஸ்க்ரீன் கறுப்பும் பச்சையுமா பாக்கவே கண்றாவியா இருக்கும், நான் கார்டு, ஐகான், டிராப்டவுன்னு போட்டு அழகா மாத்தி, ஈரோட்ல ஒரு கடைல டெஸ்ட் பண்ண எடுத்துட்டு போனேன். சாயங்காலம் ஏழு மணி, கவுன்ட்டர்ல ஆறு பேர் சீட்டை நீட்டிட்டு நிக்கிறாங்க. கடைக்கார அண்ணன் கண்ணு சீட்டுல, இடது கைல ஸ்ட்ரிப், வலது கை மட்டும் கீபோர்டுல ஓடுது. மூணு எழுத்து, என்டர், எண்ணிக்கை, என்டர். என் ஸ்க்ரீன்ல முதல் மருந்துக்கே மவுஸைத் தேடினாரு, அது மாத்திரை டப்பாவுக்கு அடியில கெடக்கு. "தம்பி, மவுஸ் வைக்க இங்க எடம் எங்கப்பா இருக்கு?" அதோட விடல, ஒருத்தர் பத்து மாத்திரை ஸ்ட்ரிப்ல நாலு மட்டும் கேட்டாரு, என் டிசைன்ல ஸ்ட்ரிப் கணக்கு மட்டும்தான் இருக்கு, லூஸா விக்கிறதுக்கு வழியே இல்ல.

திரும்பி வந்து பழைய ஸ்க்ரீன்ல இருந்த ஷார்ட்கட் எல்லாத்தையும் அப்படியே கொண்டுவந்தேன். புதுசா பண்ணது ஒண்ணே ஒண்ணு, எக்ஸ்பைரி கிட்ட இருக்கிற பேட்ச் லிஸ்ட்ல முதல்ல வர்ற மாதிரி வச்சேன். போர்ட்ஃபோலியோல இப்ப அது மட்டும்தான் இருக்கு, அடுத்த வேலையும் அதுலதான் கிடைச்சுது.

கயல்
எனக்கு பல்பு குடுத்தது தமிழ்தான் 😅 கன்டென்ட் ரைட்டிங்ல இருந்து வந்தேன். இங்கிலீஷ்ல டிசைன் பண்ணி முடிச்சிட்டு கடைசி நாள் தமிழ் போட்டா, சப்மிட் இருந்த எடத்துல "சமர்ப்பிக்கவும்" உக்காரவே இல்ல, ரெண்டு வரியாச்சு, லைன் ஹைட் கம்மியா வச்சதால எழுத்துக்கு மேல வர்ற வளைவும் புள்ளியும் வெட்டுப்பட்டு போச்சு. சரி பண்ணி ஒரு பாட்டிகிட்ட காட்டினா, "இது என்ன கோயில்ல பூ சமர்ப்பிக்கிற மாதிரி"ங்கிறாங்க. "அனுப்பு"ன்னு மாத்தினேன். ஒம்பது எழுத்து நாலாச்சு, பட்டனும் சரியா உக்காந்துச்சு.

ராத்திரி_ஷிஃப்ட்
அஞ்சு பேரை வச்சு டெஸ்ட் பண்ணா போதும், பிரச்சனைல பெரும்பகுதி வெளிய வந்துரும்னு யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000லயே எழுதினாரு இல்லையா, அதை நம்பி நானும் அஞ்சு பேரைப் புடிச்சேன். அஞ்சும் என் ரூம்மேட்ஸ், அஞ்சும் டெவலப்பர். ஒரு பிரச்சனையும் இல்லன்னு ரிப்போர்ட் குடுத்தேன். மிச்சத்தை நீங்களே புரிஞ்சுக்கோங்க.

விஸ்காம்_செகண்ட்_இயர்
அண்ணா, இதுக்கெல்லாம் சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுதணுமா? அதில்லாம உள்ள வர முடியாதுன்னு சீனியர் சொல்றாங்க.

மெக்கானிக்கல்_பையன்
அது எம்.டெஸ், அதாவது டிசைன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறதுக்கு, ஐஐடி பாம்பே நடத்துறது. படிக்கணும்னு ஆசை இருந்தா எழுது தம்பி, நல்ல படிப்புதான். ஆனா வேலைக்குப் போன எடத்துல என்கிட்ட யாரும் கேக்கல. இப்போதைக்கு உங்க தெரு மெடிக்கல்ல பர்மிஷன் கேட்டு ஓரமா அரை மணி நேரம் நில்லு, நோட்டு மட்டும் எடுத்துட்டு போ, லேப்டாப் வேணாம்.

விஸ்காம்_செகண்ட்_இயர்
காலைல போகட்டுமா அண்ணா, கூட்டம் இருக்காது.

மெக்கானிக்கல்_பையன்
கூட்டம் இருக்கிறப்பதான் போகணும்டா. சாயங்காலம், டாக்டர் கிளினிக் விடற நேரம்.