முன்னறை சரி, அதிலிருந்து பாய்வதற்கு என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில், எரிவாயு எஞ்சினில் தீ முதலில் பற்றும் சிறு அறையான 'பிரீசேம்பர்' என்பதற்கு முன்னறை, பற்றறை, பொறியறை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. என் ஓட்டு முன்னறைக்கே. எஞ்சினும் பொறி, தீப்பொறியும் பொறி என்பதால் பொறியறை குழப்பும். பற்றறை என்று படித்தால் பற்றறுத்தல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. முன்னறை வீட்டை நினைவூட்டுகிறதே என்று ஒருவர் தயங்கியிருந்தார். நினைவூட்டட்டும். தீ முதலில் இங்கே பிடித்து, அப்புறம்தான் உள்ளே போகிறது.

நான் எழுத வந்தது அடுத்த சொல்லுக்காக. பெரிய இயற்கை எரிவாயு எஞ்சின்களில், எரிவாயு முழுதாக எரியத் தேவையான அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு காற்றைக் கலக்கிறார்கள். சுடரின் வெப்பநிலை இறங்குவதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெகுவாகக் குறையும். ஆனால் அவ்வளவு மெலிந்த கலவை ஸ்பார்க் பிளக்கின் சிறு பொறிக்கு லேசில் பிடிக்காது. பிடித்தாலும் மெதுவாக எரியும், சில சுற்றுகளில் பிடிக்காமலே போய்விடும். அதற்காகத்தான் முன்னறை. எரியறைக் கொள்ளளவில் சில விழுக்காடுதான் இருக்கும். அதற்குள் தனியாகக் கொஞ்சம் எரிவாயு விட்டுப் பற்றவைத்தால், அழுத்தம் ஏறி, அடியிலுள்ள துளைகள் வழியே முதன்மை அறைக்குள் பீறிடுகிறது.

பீறிடுவது எது? பட்டியலில் 'ஃபிளேம் ஜெட்' என்ற பொருளில் 'தீத்தாரை' என்று இருக்கிறது. தாரை மிகப் பொருத்தம். 'தீ'யில்தான் எனக்குத் தடங்கல்.

துளை அகலமாக இருந்தால் சுடர் சுடராகவே வெளியே வரும். துளை குறுகி, பாய்ச்சல் வேகமாக இருந்தால் சுடர் வழியிலேயே அவிந்துவிடும். அப்போது வெளிவருவது சுடரில்லாத சூடான வாயு. அது மெலிந்த கலவையோடு புரண்டு கலந்து, துளையிலிருந்து சற்றுத் தள்ளி, சற்றுப் பிந்தி, புதிதாகப் பற்றுகிறது. விறகடுப்பில் ஊதுகுழலால் கங்குகளை ஊதியவர்களுக்கு இது தெரியும். வெறுமனே சிவந்துகொண்டிருக்கும், சுடர் இராது. திடீரென்று மேலே கிடக்கும் சுள்ளியில் குப்பென்று பிடிக்கும். 'கனல் இருக்கு, ஊது' என்பார் என் பாட்டி.

அந்தக் கனல்தான் நமக்கு வேண்டிய சொல். முதல் வகைக்குச் சுடர்த்தாரை, இரண்டாவதற்குக் கனல்தாரை. புணர்ச்சி விதிப்படி கனற்றாரை என்று எழுதலாம். ஆனால் படிப்பவருக்கு விளங்காது. பிரித்தே வைப்போம்.

கணினியில் இதைக் கணிப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. சுடரின் முகப்பை ஒரு பரப்பாகப் பின்தொடரும் முறைக்கு, துளையில் அவிந்தது அந்தப் பக்கம் மீண்டும் பற்றுவது தானாகத் தெரியாது. அதற்கு வேதிவினைகளையே கணக்கிட வேண்டும். இயற்கை எரிவாயு எரிவதற்கான வேதிவினைகளின் தொகுப்பாகப் பரவலாக எடுத்தாளப்படும் ஜிஆர்ஐ-மெக் 3.0-இல் 53 வேதிக்கூறுகள், 325 வினைகள். கணிப்புக்காக எரியறையைச் சிறு கண்ணிகளாகப் பிரித்த வலையில், ஒவ்வொரு கண்ணியிலும் இத்தனையையும் தீர்க்க வேண்டும். துளைக்குள்ளேயே பல கண்ணிகள் அடங்க வேண்டும் என்பதால் கண்ணியும் மிகச் சிறியதாகிவிடும்.

நான் ஓட்டிய ஒரு கணிப்பில், சுடர் எங்கே எரிகிறது என்று காட்டும் ஹைட்ராக்சில் படத்தில் துளைவாய் ஏறக்குறைய இருண்டு கிடந்தது. பற்றாமல் போய்விட்டது என்றே நினைத்தேன். வெப்பநிலைப் படத்தைத் திறந்தால் சூடான தாரை நீளமாக ஓடியிருந்தது. எஞ்சினின் சுழல்தண்டு இன்னும் சில பாகை திரும்பியதும், தாரையின் தலைப்பகுதியில் ஹைட்ராக்சில் பளிச்சென்று எழுந்தது. இருண்டு கிடந்த அந்தத் தாரையைத் தீத்தாரை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

'சிமுலேஷன்' பற்றியும் ஒரு வார்த்தை. பாவனை வேண்டாம். இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு. 'எஞ்சின் பாவனை' அங்கே வேறு பொருள் தரும். ஒப்புருவாக்கம் இருக்கட்டும். அதேபோல் 'கம்பஸ்சன்' என்பதற்கு இலங்கைப் பாடநூலில் உள்ள தகனம் தமிழ்நாட்டில் சுடுகாட்டுச் சொல்லாகிவிட்டதால், பொதுவாக எரிதல் என்றே வைக்கலாமா? ஈழத்து நண்பர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்று பாக்கி. தனி எரிவாயு வால்வு உள்ள முன்னறையும் உண்டு, முதன்மை அறையின் கலவையே உள்ளே ஏறி நிரம்பும் முன்னறையும் உண்டு. ஊட்டு முன்னறை, ஊட்டா முன்னறை என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.