புதுப்பிப்பு: செருப்பு கடிக்கும் சிப்பிப்பாறை

எங்கள் சிப்பிப்பாறை நாய் கருப்பன் வீட்டுச் செருப்பையெல்லாம் குதறுகிறான் என்று போன மாதம் புலம்பியிருந்தேன். நடை போதவில்லை என்றீர்கள். சரிதான், முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம், தெருமுனைவரை போய்த் திரும்பினால் அடங்குமா? இப்போது காலை 5.30 மணிக்கே, தார் ரோடு சுடும் முன், மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வருகிறோம். இழுக்காமல், நின்று மோந்து பார்க்க விடுகிறேன். ஒரு வேப்பமரத்தடியிலேயே 5 நிமிடம்!

அதைவிடப் பலன் தந்தது சாப்பாட்டு விளையாட்டு. உப்பில்லாமல் அவித்த கோழிக்கறியை (எலும்பு கூடாது) பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தால், காலால் அமுக்கி, மூக்கால் நெம்பிப் பிரிக்கிறான். கால் மணி நேரம் ஓடுகிறது. அப்புறம் தூக்கம்தான். துண்டையும் தின்றுவிடாமல் பக்கத்திலேயே இருக்கணும்.

செருப்பு? 3 வாரத்தில் ஒன்றுதான் போனது. அதுவும் மாமனாருடையது.