ஆடு தின்ன ரிப்பன்: ராயக்கோட்டைப் பக்கம் என் முதல் எம்டிபி ரேஸ்

போன தை மாசம் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு எம்டிபி ரேஸில், அதாவது கரடுமுரடான பாதையில் ஓட்டும் மவுண்டன் பைக் சைக்கிள் ரேஸில், ஓட்டினேன். 8 கிலோமீட்டர் சுற்று, மூணு சுற்று. ஏரிக்கரை, மாந்தோப்பு, பழைய கல்குவாரிக்குப் போகும் லாரித் தடம், நடுவில் கொஞ்சம் தார் ரோடு. காப்புக்காடு பக்கத்திலேயே இருந்தும் அதற்குள் பாதை போடவில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது, யானை பயம் வேறு. அதனால் பட்டா நிலத்துக்குள்ளேயே சுற்றவிட்டார்கள்.

எனக்கு வீடு காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில் ஷிப்டு. லீவு நாளில் கிருஷ்ணகிரி டேம் வரைக்கும் தார் ரோட்டில் ஓட்டித்தான் பழக்கம். அதுதான் வினையாச்சு. தார் ரோட்டில் காற்று எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம் என்று 50 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு போய் நின்றேன். பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் என் டயரை அமுக்கிப் பார்த்து, "அண்ணா, கல்லு மாதிரி இருக்கு. 30க்கு எறக்குங்க"ன்னான். 39 வயசுக்காரனுக்கு இவன் சொல்றதான்னு கேட்டுக்கவில்லை.

விசில் அடித்ததும் எல்லாரும் நாய் துரத்தின மாதிரிப் பறந்தார்கள். 300 மீட்டரில் ஏரிக்கரை வந்துவிடும், அதற்கப்புறம் ஒற்றையடிப் பாதை, யாரையும் முந்த முடியாது. அதனால்தான் அந்த ஓட்டம். நானும் மூச்சு முட்ட மிதித்தேன். மாந்தோப்பு வந்ததும் சைக்கிள் குதிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வேருக்கும் பின்சக்கரம் தூக்கிப் போட, ஹேண்டில்பாரைப் பிடித்த கை மரத்துப்போச்சு. மா பூத்திருந்த நேரம், தோப்பு முழுக்க அந்த வாசனை. ரசிக்கிற நிலைமையிலா இருந்தேன்? கடைசியில் ஓரமாக நிறுத்தி, வால்வை அமுக்கிக் காற்றை விட்டேன். அந்த 'புஸ்'ஸுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் தாண்டிப் போனார்கள், அந்தப் பையனும்தான். ஆனால் அதற்கப்புறம் டயர் மண்ணைக் கவ்வியது. அதே வேரில் பல்லி மாதிரி ஒட்டி ஏறினேன்.

இரண்டாவது சுற்றில்தான் கூத்து. கரை முடிகிற இடத்தில் பாதை பிரியும். முதல் சுற்றில் அங்கே புங்க மரத்தில் ரோஸ் கலர் ரிப்பன் தொங்கியது, இப்போது இல்லை. டயர் தடம் இரண்டு பக்கமும் போகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அதுவா? நம்ம வெள்ளாடு தின்னுடுச்சு கண்ணு. முன்னாடி போன ஏழெட்டுப் பேரு ஏரிக்குள்ளாற எறங்கிட்டாங்க. கத்துனேன், எங்க காதுல விழுது? நீ இப்படிப் போ. அங்க பூராம் நெருஞ்சி."

அவர் காட்டிய வழியில் போய்விட்டேன். ஆனாலும் நெருஞ்சி என்னையும் விடவில்லை. காய்ந்த நெருஞ்சிக் காய் உடைந்தால் ஒவ்வொரு துண்டிலும் கொம்பு மாதிரி முள் நிற்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒன்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும். குவாரி ஏற்றத்தில் பின்சக்கரம் உட்கார்ந்தது. ட்யூபை மாற்றி, கண்ணில் பட்ட முள்ளைப் பிடுங்கி, காற்றடித்துக் கிளம்பினேன். 500 மீட்டர்கூடப் போகவில்லை, மறுபடியும் பஞ்சர். டயருக்கு உள்பக்கம் இன்னொரு முள் முனை மட்டும் முறிந்து நின்றிருக்கிறது. டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்திருந்தால் துணி சிக்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். விரலால் தடவாதீர்கள், நான் தடவி ரத்தம் பார்த்தேன்.

52 பேரில் 38ஆவதாக வந்தேன். ஏரிக்குள் இறங்கியவர்கள் வந்து போட்ட சத்தம் தனிக் கதை. ரிப்பன் இல்லாதது எங்கள் தப்பா என்று அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் பாதையை விட்டவர் விட்ட இடத்துக்கே திரும்பி வந்து ஓட்ட வேண்டும் என்பதுதான் இந்த ரேஸ்களின் வழக்கம். ஏற்பாட்டாளர்கள் அதைச் சொல்லியே முடித்துவிட்டார்கள். முதல் சுற்று முடிந்ததும் ஒரு ஆளை அங்கே நிறுத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பென்னாகரத்திலிருந்து:
உங்களுக்கு நெருஞ்சி, எனக்குக் கொள்ளு. நம்ம பக்கம் அறுத்த கொள்ளுச் செடியை வண்டி ஏறி மிதிக்கட்டும்னு ரோட்டில் பரப்பிவிடுவார்கள் இல்லையா? ரேஸில் தார் ரோடு வந்ததும் நிம்மதியாக வேகம் எடுத்தேன். வளைவில் முழ உயரத்துக்குக் கொள்ளு. பிரேக் பிடித்தால் சறுக்கும் என்று பிடிக்காமல் ஏறினேன். விழவில்லை. ஆனால் கொடி, செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டீரெய்லருக்குள் போய்ச் சுற்றி, அதை மாட்டியிருக்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. செயின் எந்தப் பல்லிலும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் அரிவாளால் கொடியை அறுத்துக் கொடுத்துவிட்டு, "கொள்ளு சிந்தாமப் பாத்து எடு தம்பி"ன்னார். மீதி 6 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். அதிலிருந்து பையில் ஒரு ஹேங்கர் உபரியாக இருக்கிறது.

ஊத்தங்கரையிலிருந்து:
டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிடுங்கள் அண்ணா. உள்ளே சீலன்ட் பால் ஊற்றிவிட்டால் நெருஞ்சி ஓட்டை தானாக அடைபடும். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வருகிற மாதிரிச் சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், போதும். நம்ம ஊர் வெயிலுக்குப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும், அவ்வப்போது பார்த்து ஊற்ற வேண்டும். அது சரி, ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே? பிளாஸ்டிக் ரிப்பன் ஆச்சே!

காவேரிப்பட்டணத்திலிருந்து மறுபடியும்:
எனக்கும் அதே உறுத்தல். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். இரண்டு நாள் தழை தின்னவில்லையாம், அப்புறம் சரியாகிவிட்டதாம். முழுசாக விழுங்குவதற்குள் அந்த அம்மா வாயிலிருந்து பாதியை இழுத்திருக்கிறார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்த முழ ரிப்பனை என் கையில் கொடுத்து, "கட்டுனவங்களைப் பாத்தா குடுத்துடு"ன்னார்.