எட்டு போடுறப்போ வலது பக்கம் மட்டும் கால் ஊனிடுறேன், என்ன பண்றது?

எல்போர்டு_கயல்:
எல்லாருக்கும் வணக்கம். கியர் வண்டிக்கு எல்எல்ஆர் எடுத்து ரெண்டு மாசம் தாண்டிருச்சு, ரோட்டுல ஓட்டுறதுல ஒரு பிரச்சனையும் இல்ல, டிராபிக்லயே போயிட்டு வந்துருவேன், இந்த எட்டு மட்டும் வரமாட்டேங்குது. இடது வளையம் அழகா சுத்திருவேன், நடுவுல கிராஸ் பண்ணி வலது வளையத்துக்குள்ள நுழைஞ்சதும் வண்டி சட்டுனு ஒரு இழு இழுக்குது, நான் பயந்து கிளட்ச்ச முழுசா புடிப்பேன், வண்டி சாயும், கால் கீழ வந்துரும். போன டெஸ்ட்லயும் அதே இடம்தான், இன்ஸ்பெக்டர் ஒண்ணும் சொல்லாம அடுத்த ஆள கூப்பிட்டுட்டார். வண்டி அப்பாவோட பழைய 100 சிசி, கார்பரேட்டர் மாடல். அடுத்த ஸ்லாட் வியாழக்கிழமை. பேசாம ஸ்கூட்டில டெஸ்ட் குடுத்துட்டு வான்னு வீட்ல சொல்றாங்க, அதான் நல்லதா?

கிக்கர்_பாய்:
வீட்ல சொல்றத கேளுங்க சிஸ்டர். ஸ்கூட்டில கிளட்சும் இல்ல கியரும் இல்ல, ரெண்டு சுத்து சுத்தினா லைசென்ஸ் கையில.

ரவுண்டானா:
எந்த லைசென்ஸ்னும் சேத்து சொல்லுங்க ப்ரோ. ஸ்கூட்டில பாஸ் ஆனா எம்சிடபிள்யூஓஜி, அதாவது கியர் இல்லாத வண்டி மட்டும்தான். நாளைக்கு அதே அப்பா வண்டிய எடுத்துட்டு போய் எங்கயாவது இடிச்சா லைசென்ஸ் இல்லாம ஓட்டின கணக்குதான், இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். எம்சிடபிள்யூஜி, அதாவது கியர் வண்டி லைசென்ஸ் வாங்கிட்டா ஸ்கூட்டியும் ஓட்டலாம். எல்எல்ஆர் ஆறு மாசம் செல்லும், இன்னும் டைம் இருக்கு கயல். ஆனா ஒண்ணு, ஃபெயில் ஆனா ஏழு நாள் கழிச்சுதான் திரும்ப போக முடியும், மூணு தடவை ஃபெயில் ஆயிட்டா 60 நாள் காத்திருக்கணும், அதனால சும்மா போய் பாப்போம்னு போகாதீங்க.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
ஏம்மா, இடது பக்கம் நல்லா போகுது வலது பக்கம் மட்டும் இழுக்குதுன்னா முதல்ல வண்டிய பாக்கணும், உன்னைய அப்புறம் பாப்போம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணு, ஆக்சிலேட்டர தொடாம ஹேண்டில இந்த கோடியில இருந்து அந்த கோடி வரைக்கும் மெதுவா திருப்பு. இன்ஜின் சத்தம் கூடுதான்னு கேட்டு சொல்லு. அப்படியே ஹேண்டில் நடுவுல எங்கயாவது புடிச்சு புடிச்சு திரும்புதான்னும் பாரு, கோன் செட், அதான் ஹேண்டில் திரும்புற இடத்துல உள்ள பேரிங், டைட்டா இருந்தா ஸ்லோல வண்டி நேராவே நிக்காது.

எல்போர்டு_கயல்:
அண்ணாச்சி!! வலது பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினா உர்ர்ருனு ஏறுது, நேரா வச்சா இறங்கிடுது. ஹேண்டில் ஸ்மூத்தாதான் இருக்கு.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
அப்ப ஆக்சிலேட்டர் கேபிள்தான். யாரோ ஹெட்லைட்டையோ டேங்கையோ கழட்டி மாட்டும்போது கேபிள வேற வழியா விட்டிருப்பான், ஹேண்டில் திரும்பும்போது கேபிள் இழுபட்டு தானா ரேஸ் ஆகுது. கேபிள் பழைய வழியிலயே போகுதான்னு பாத்துட்டு, கைப்பிடி சும்மா ரெண்டுல இருந்து ஆறு மில்லி ஆடுற மாதிரி பிளே வைக்கச் சொல்லு. நீயா ஐடில் ஸ்க்ரூவ (ஆக்சிலேட்டர் தொடாதப்போ இன்ஜின் ஓடுற வேகத்த வைக்கிறது) மட்டும் குறைச்சு வைக்காத, அப்புறம் இடது பக்கம் ஆஃப் ஆகும். டயர்ல காத்தையும் செக் பண்ணிக்கோ, முன் டயர்ல காத்து கம்மியா இருந்தா ஹேண்டில் கனக்கும்.

எல்போர்டு_கயல்:
மெக்கானிக் கடைல காட்டினேன், அண்ணாச்சி சொன்ன மாதிரியே கேபிள் ஒயருக்கு அடியில மாட்டிக்கிட்டு இருந்துச்சாம், சரி பண்ணிட்டாங்க. இழுக்குறது போயிருச்சு, ஆனா வலது பக்கம் இன்னும் கொஞ்சம் உதறலாதான் இருக்கு 😐

ரவுண்டானா:
இப்ப உள்ளது கை பிரச்சனை. வலது பக்கம் முழுசா திருப்பும்போது இடது கைப்பிடி உங்கள விட்டு தள்ளி போகுது, கை நீளுது, விரல் உங்களுக்கே தெரியாம கிளட்ச்ச கொஞ்சம் விடுது. டேங்க்க ஒட்டி முன்னாடி தள்ளி உக்காருங்க, முழங்கை மடங்கியே இருக்கணும். ஃபர்ஸ்ட் கியர், ஆக்சிலேட்டர ஒரே அளவுல புடிச்சுக்கிட்டு ஆஃப் கிளட்ச்லயே, அதாவது கிளட்ச்ச பாதி புடிச்சபடியே சுத்துங்க, வேகம் கூடினா கிளட்ச்ச முழுசா புடிக்காம வலது கால்ல பின் பிரேக்க லேசா தடவி விடுங்க, வண்டி இழுவையில இருக்குற வரைக்கும் சாயாது. முன் பிரேக் பக்கமே விரல் போகக்கூடாது, ஹேண்டில் திரும்பி இருக்கும்போது அத புடிச்சா படுத்துரும். முக்கியமா முன் டயர பாக்காதீங்க, வளையத்தோட எதிர்க்கரைய பாருங்க, தலை முதல்ல திரும்பணும்.

கிக்கர்_பாய்:
எதிர்க்கரைய பாக்குறது உண்மையிலேயே வேலை செய்யுது, நான் ஸ்கூட்டிலயே அப்படித்தான் 😂

எல்போர்டு_கயல்:
முன்னாடி தள்ளி உக்காந்ததும் நல்ல வித்தியாசம் தெரியுது, இன்னைக்கு சாயங்காலம் கிரவுண்ட்ல செங்கல் வச்சு சுத்தினதுல கால் ஊனவே இல்ல. வண்டி அப்பா பேர்லதான் இருக்கு, அதுல பிரச்சனை வருமா? என்னென்ன எடுத்துட்டு போகணும்?

ஸ்பேனர்_அண்ணாச்சி:
அப்பா பேர்ல இருந்தா ஒண்ணும் இல்லம்மா. எல்எல்ஆர், ஸ்லாட் பிரிண்ட், ஆர்சி, இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட், ஹெல்மெட். முன்னாடியும் பின்னாடியும் வெள்ளையில சிவப்பு எல் ஒட்டியிருக்கணும். பொல்யூஷன் தேதிய இன்னைக்கே பாரு, பிஎஸ்4ங்கிற புகை விதிக்கு முந்தின வண்டின்னா ஆறு மாசம்தான் செல்லும், ஒரு வருஷம்னு நினைச்சு அங்க போய் நிக்காத.

எல்போர்டு_கயல்:
ஐயோ அண்ணாச்சி, போன மாசமே முடிஞ்சிருச்சு. காலைல முதல் வேலையா பெட்ரோல் பங்க்ல எடுத்துடுறேன்.